பாரச்சாமிக்குப் பால் ஆகாது

2025 மார்ச் 12, புதன்

ஒரு பொறுப்பை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று தெரியவில்லை. 'முடியாது' என்ற சொல் எனக்கு எப்போதும் மறுநாள்தான் வாய்க்கு வரும். இனி எழுதப்போவதை முதலில் ஒழுங்காக வகுத்து வைக்கிறேன்.

1. பணி. வீட்டுக்குப் பின்னால் பதினொன்றாம் நம்பர் மலையில் பத்துத் தேயிலைச் செடிகள். ஐந்துக்குப் பாரமான நைதரசன் கலந்த உரநீர். ஐந்துக்குச் சாதாரண உரநீர். ஜூலை முடிய அவற்றின் கொழுந்தையும் மண்ணையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். போட்ட உரத்தில் செடிக்கு எவ்வளவு, மண்ணில் வாழும் நுண்ணங்கிகளுக்கு எவ்வளவு, மழையோடு ஆற்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது நோக்கம்.

2. உரியவர். நிலக்ஷி, பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி, ஹட்டன் ஊர்ப் பிள்ளை. அந்தப் பாரமான நைதரசன் வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு போத்தலில் வந்தது. இன்னொரு போத்தலுக்கு வழியில்லை. இந்தப் பத்துச் செடிக்குள் வேறு உரமோ எருவோ போனால் எல்லாம் வீண். அவளுடைய பட்டமும் போய்விடும்.

3. நான் ஏன். ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர். மலைக்குப் பக்கத்தில் வீடு. வேறு வேலை இல்லை. (மூன்றாவதுதான் உண்மையான காரணம் என்கிறாள் என் மனைவி மீனம்மா.)

4. தோட்டத்து ஆட்களுக்கு எதையும் விளக்கப் போவதில்லை. பேசினால் குழப்பம். ஒரு கிழவன் பத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

5. எது கெட்டாலும் என்னால்தான் கெடும்.

ஐந்தாவதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

மார்ச் 14

"பாரமான நைதரசன்னா என்னாங்க?" என்று மீனம்மா கேட்டாள். உறுதியான சமதானிகளைப் பற்றி விளக்கினேன். ஒரே மூலகம். குணம், நடத்தை எல்லாம் ஒன்று. கருவில் ஒரு நியூத்திரன் கூடுதலாக இருப்பதால் திணிவு மட்டும் சற்று அதிகம். செடிக்கு வித்தியாசம் தெரியாது, கருவிக்குத் தெரியும். ஆகவே அது எங்கே போய் ஒளிந்தாலும் பிடித்துவிடலாம்.

"உங்க தங்கச்சி மாதிரின்னு சொல்லுங்க. அதே கொணம், எடை மட்டும் கூட."

நான் அப்படிச் சொல்லவில்லை.

"வெடிக்குமா?"

"வெடிக்காது. கதிர்வீச்சும் இல்லை. உறுதியானது."

"அப்ப உங்களவிடப் பரவால்ல."

மார்ச் 18

நிலக்ஷி வந்து முதல் தடவை உரநீர் ஊற்றிக் காட்டினாள். சப்பாத்தின் மேல் பிளாஸ்டிக் பை கட்டி, ஒவ்வொரு செடிக்கும் புதுப் பை மாற்றினாள். "ஒரு செடியடியில மிதிச்ச கால் அடுத்த செடிக்குப் போகக்கூடாது சேர்." இனி வரும் இரண்டு தடவையும் நான் தனியே செய்ய வேண்டும். எனக்குக் குனிந்து பை மாற்றினால் தலை சுற்றும். வெறுங்காலில் போனால் என்ன என்று கேட்டேன். "இன்னும் நல்லது. கழுவிட்டுப் போங்க" என்றாள்.

அவள் என்னை நம்புகிறாள். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

தனியே செய்த முதல் நாள். செய்த முறையை எழுதி வைக்கிறேன்.

செருப்பை மலையடியில் கழற்றினேன். ஒவ்வொரு செடிக்கும் போகுமுன் கால் கழுவினேன். தூறல் என்பதால் தலையில் துவாய். நிலக்ஷி தந்த ஆய்வுகூடக் கண்ணாடி முகவைக்குக் கைபிடி இல்லை, என் கையோ நடுங்கும். வீட்டுப் பித்தளைச் செம்பு வசதியாக இருந்தது. (பித்தளையோடு அமோனியம் உப்பு தாக்கம் புரியுமே! சில நிமிடம்தான். இருந்தாலும் அடுத்த முறை எவர்சில்வர்.) செடியைச் சுற்றி இடமிருந்து வலமாக மூன்று முறை மெதுவாக ஊற்றினேன். வேகம் மாறாமல் இருக்க வாய்க்குள் எண்ணிக்கொண்டேன்.

நிலக்ஷி கட்டிய அலுமினியத் தகடுகள் பனிமூட்டத்தில் தெரிவதில்லை. போன வாரம் கொழுந்துக்காரப் பெண்கள் இரண்டு செடியில் தெரியாமல் கை வைத்துவிட்டார்கள். ஆகவே மீனம்மாவின் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து, பாரமான நைதரசன் பெற்ற ஐந்து செடிகளுக்கும் கட்டினேன். மற்ற ஐந்துக்கும் என் பழைய வேட்டி. மஞ்சள் எவ்வளவு மூட்டத்திலும் கண்ணுக்குப் படும்.

வீரபத்திரன் கங்காணி அந்தப் பக்கமாக வந்தார். "என்னா மாஸ்டர் இது?" என்றார். நாலாம் குறிப்பின்படி விளக்கம் கூடாது. "கொஞ்சம் பாரமானது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

மேலே கொழுந்துக்காரர்கள் ஒரு வரிசை நின்றார்கள். என்னைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

காலில் இரண்டு அட்டை.

மார்ச் 26

நாலாவது செடிக்கு மூன்று சுற்றா, இரண்டா? மூன்றுதான். மூன்றாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 27

முழு வெற்றி. இன்று பதினொன்றாம் மலையில் கொழுந்து எடுத்தார்கள். மஞ்சள் கட்டிய செடிகளில் ஒருத்தியின் விரலும் படவில்லை. கிட்டக்கூட வரவில்லை, சுற்றி வளைத்துப் போயிருக்கிறார்கள். அடையாளம் தெளிவாக இருந்தால் விளக்கம் எதற்கு?

ஏப்ரல் 3

முதலாவது செடியடியில் ஒரு கல். முன்பு இருந்ததா? மண் மாதிரி எடுத்தபோது இல்லை. கல்லில் குங்குமம் இருக்கிறது. யாரோ தவறவிட்டிருக்கலாம்.

கல்லை எப்படித் தவறவிடுவது?

ஏப்ரல் 8

தேசிக்காய் (எலுமிச்சை) மூன்று. ஒரு மண்விளக்கு. பூ. கல்லை அப்புறப்படுத்தக் கை நீட்டினேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நம்பிக்கையால் அல்ல. மேலே இருந்து யாராவது பார்த்தால்?

காகித அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் குச்சியில் நட்டேன்: 'ஆராய்ச்சி நிலம். எதையும் இடாதீர்கள்.'

ஏப்ரல் 10

அறிவிப்புக்கு விபூதி பூசி மாலை போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 14, புத்தாண்டு

காலையில் மீனம்மா வைத்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மனம் கேட்காமல் மலைக்குப் போனேன். முதலாவது செடியடி வெள்ளையாக இருந்தது. பால்.

பால்! ஐயோ, என்ன செய்றது இப்ப? நிலக்ஷிக்கு என்னான்னு சொல்றது?

அமைதியாக எழுத முயல்கிறேன். ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய ஒரு கிராம் நைதரசன், அதுவும் சாதாரண நைதரசன். அந்தச் செடிக்கு நாங்கள் அளந்து அளந்து கொடுத்த பாரமானது மொத்தமே நாலு கிராம்தான். எத்தனை தம்ளர் ஊற்றினார்களோ. பாலில் இயல்பாகவே சர்க்கரையும் உண்டு. நுண்ணங்கிகளுக்குக் கல்யாண விருந்து. அவை பெருகிச் செடியின் பங்கையும் பிடுங்கிக்கொள்ளும். மற்ற நாலு மஞ்சள் செடிகளுக்கும் இன்னும் பால் போகவில்லை. பாதைக்குப் பக்கத்தில் இருப்பதால் முதலாவதற்குத்தான் இந்த மரியாதை.

இன்னும். அந்தச் சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 15

கொழுந்துக்காரர்களில் மூத்தவள் வீரம்மா. அவள் பேச்சை மீறி அந்த வரிசையில் யாரும் கூடையை இறக்க மாட்டார்கள். பாதையில் காத்திருந்து கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வீரம்மா, அந்தச் செடியடியில... அது என்ன?"

"என்னையக் கேக்குறீங்களே மாஸ்டர். நீங்கதானே கொண்டாந்து வச்சீங்க."

"நானா?"

"பின்ன யாரு? செருப்பக் கழட்டுனது யாரு? செடிக்குச் செடி காலக் கழுவுனது யாரு? மஞ்சத்துணி கட்டி, செம்புல தண்ணி ஊத்தி, மூணு சுத்து சுத்தி, மந்திரம் சொன்னது யாரு? மேல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்."

"அது மந்திரம் இல்ல வீரம்மா. எண்ணினேன்."

"எண்ணிச் சொன்னாத்தான் மந்திரம்."

கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு அவளே தொடர்ந்தாள்.

"என்னா சாமின்னு கங்காணி கேட்டதுக்குப் பாரமானதுன்னு சொன்னீங்களாம். பாரச்சாமின்னு பேரு வச்சாச்சு. செடி வெட்டுற கவ்வாத்துக்குச் சாமி இருக்கு, கொழுந்துக்குச் சாமி இருக்கு, கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்கு ரோதமுனி இருக்கு. ஒரத்துக்குத்தான் ஒன்னு இல்லாம இருந்துச்சு. நல்ல நேரம் பாத்து நீங்க கொண்டாந்தீங்க. அன்னிக்கிலருந்து எல்லாருக்கும் கொழுந்து நிறுவை கூடியிருக்கு, தெரியுமா?"

நிறுவை கூடியது ஏப்ரல் மழையால். சொல்ல நினைத்தேன். அவள் அதற்குள் ஏறிப் போய்விட்டாள்.

கங்காணி 'இது' என்று கேட்டது செம்புத் தண்ணீரைப் பற்றி என்றல்லவா நினைத்தேன்!

ஏப்ரல் 17

நிலக்ஷிக்குக் கைபேசியில் செய்தி எழுதினேன். 'ஒரு சிறிய சிக்கல்' என்று தொடங்கினேன். சிறியதல்ல. 'ஒரு சிக்கல்' என்று மாற்றினேன். போதவில்லை. 'ஒரு தெய்வம்' என்றால் சரியாக இருக்கும், ஆனால் விஞ்ஞானபூர்வமாக இல்லை.

அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 20

மீனம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"சாமிய எடம் மாத்தணும்னா யாருக்காச்சும் கனவுல வரணுங்க. 'எனக்கு இங்கன தோதுப்படல, அங்கிட்டு வை'ன்னு சொல்லணும்."

"எனக்கு அப்படி ஒரு கனவும் வரவில்லையே."

"உங்களுக்குக் கனவுலயும் பரீட்சைப் பேப்பர்தான் வரும். வந்துச்சுன்னு சொல்லுங்க."

பொய் சொல்ல வேண்டும். எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நிலக்ஷி? நாலு செடி மிச்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விசேஷ பூசையாம்.

சாமி எங்கே போக வேண்டும் என்பதைக் கணக்கிட்டேன். மலையில் நீர் கீழ்நோக்கி ஓடுகிறது. சாமி மேலே போனால் பால் வழிந்து மற்ற நாலு செடிக்கும் வந்துவிடும். ஆகவே கீழே, மழைநீர் ஓடும் கானைத் தாண்டி. அங்கே ஒரு தனிச் செடி இருக்கிறது. பொருத்தமான தலம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தேத்தண்ணீர் நேரத்தில் போனேன். பதினைந்து இருபது பேர் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். முதல் வாக்கியம்: 'நேற்று எனக்கு ஒரு கனவு வந்தது.'

"நேத்து எனக்கு ஒரு கனவு..." என்றேன்.

ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாமி என்னா சொல்லுச்சு மாஸ்டர்?"

"கீழ... கானுக்கு அந்தப் பக்கம் போகணும்னு..."

வீரம்மா புருவத்தைச் சுருக்கினாள். "கீழயா? சாமி எங்கயாச்சும் கீழ எறங்குமா? மேல மலைக்குத்தானே ஏறும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாஸ்டர். மேலன்னு சொல்லியிருக்கும், நீங்க மாத்திக் கேட்டிருப்பீங்க."

"ஆமா, மேலதான் சொல்லியிருக்கும்," என்று எல்லாரும் சொன்னார்கள்.

மேலே! நான்கு செடியும் போய்விடும். மீதி எட்டு வாக்கியமும் மறந்துபோயின.

"கனவு வரல," என்றேன். "கனவே வரல. பால் ஊத்தாதீங்க. பால்ல நைதரசன் இருக்கு. அந்தப் புள்ள நிலக்ஷி படிப்பு எல்லாம் இந்தச் செடியிலதான் இருக்கு. நாங்க குடுத்தத விட வேற எந்தச் சாப்பாடும் அந்தப் பத்துச் செடிக்கும் போகக்கூடாது. போச்சுன்னா எல்லாம் போச்சு. எனக்கு வேற சொல்லத் தெரியல."

ஓடிவிடலாம் என்று நினைத்தேன். செருப்பு தூரத்தில் இருந்தது.

"வெரதம்," என்றாள் வீரம்மா. "சாமி வெரதம் இருக்கு. அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே."

"அப்ப என்னாதான் படைக்கிறது?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் ஒவ்வொன்றின் இரசாயன அமைப்பையும் நினைத்துப் பார்த்துப் பதில் சொன்னேன்.

"வாழப்பழம்?"

"ஆகாது."

"கல்கண்டு?"

நைதரசன் இல்லை. ஆனால் காபன், நுண்ணங்கிகள் விடாது. "ஆகாது."

"வடை?"

பருப்பு! பருப்பு என்றால் நைதரசன் மூட்டை. "ஐயோ, வடை வேண்டவே வேண்டாம்."

"பூவு?"

"வச்சுட்டுச் சாயந்தரமே எடுத்துடணும். அழுகக் கூடாது."

"சூடம்?"

காபன், ஐதரசன், ஒட்சிசன். நைதரசன் அணு ஒன்றுகூட இல்லை. கல்லின்மேல் கொளுத்தினால் மண்ணுக்கு ஒன்றும் போகாது.

"சூடம் கொளுத்தலாம்," என்றேன்.

"சுத்தமான சாமி," என்றாள் வீரம்மா.

ஏப்ரல் 25

விசேஷ பூசை. சூடம் மட்டும். தூரத்தில் நின்று பார்த்தேன். ஒரு சொட்டுப் பால் இல்லை. செருப்போடு போன ஒருத்தியை மூன்று பேர் சேர்ந்து ஏசினார்கள்.

ஏப்ரல் 28

நோர்வூட் டவுனில் கடைக்காரர் என்னைப் "பூசாரி ஐயா" என்று கூப்பிட்டார். எத்தனை பிள்ளைகளுக்கு ஆவர்த்தன அட்டவணை படிப்பித்தேன். ஒருவரும் எனக்குப் பட்டப்பெயர் வைத்ததில்லை. வைக்கும் அளவுக்கு நான் எதுவும் செய்ததில்லை என்று நினைக்கிறேன்.

மே 4, ஞாயிறு

நிலக்ஷி மண் எடுக்க வந்தாள். இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்த விஷயத்தை வாசலிலேயே கொட்டிவிட்டேன். பாரச்சாமி என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பால் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மலைக்குப் போய் முதலாவது செடியின் முன் குந்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். நான் பின்னால் நின்றேன். ஏசினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"இதைக் கணக்கிலருந்து எடுத்துருவோம் சேர். தனியா அளந்து பாப்போம். மிச்சம் நாலு இருக்குதானே."

"நாலு போதுமா?"

"போதாது." எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "ஆனா இருக்கிறது நாலுதான். இனி ஒன்னு போனாலும் நான் வீட்டுக்குப் போய் அப்பா கடையில உக்கார வேண்டியதுதான். அவரு சந்தோசப்படுவாரு."

கல்லை எடுத்துவிடவா என்று கேட்டேன். யோசித்தாள். "கல்லுல நைதரசன் இல்லையே சேர். இருக்கட்டும்."

மே 29

மழை. குடை மூன்று முறை மடங்கியது. கொழுந்து எடுத்துத் தாள் பையில் போட்டேன்.

ஜூன் 12

மழை. உரம் எல்லாம் இப்போது ஆற்றில் போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தானே இத்தனை பாடும்.

மீனம்மா தன் மஞ்சள் சேலையின் மிச்சத்தைத் தேடுகிறாள். தலையணை உறை தைக்கவாம். கிழிந்துபோன துணிக்குப் பதில் கட்ட அதையும் எடுத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 5

காய்ச்சல். மழையில் நின்றதன் பலன். மீனம்மா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் மழை விட்டு வானம் வெறித்திருந்தது. மீனம்மா தண்ணீர் எடுக்கப் போனவள் குடத்தோடு ஓடிவந்தாள். "ஏங்க, பதினொன்னாம் மலைக்கு ஒர மூட்டை ஏத்துறாங்க! புதுக் கண்டாக்கு வந்திருக்காராம். மலை முழுக்கப் போடச் சொல்லிட்டாராம்!"

மலை வேலைகளை மேற்பார்க்கும் பழைய கண்டாக்குக்குத் தெரியும், அந்த மூலையை விட்டுவிடுவார். அவர் மாற்றலாகிப் போன வாரம் போய்விட்டார். புதியவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான். காய்ச்சலில் மறந்துவிட்டேன். யூரியா ஒரு கைப்பிடி விழுந்தால் போதும், நாலு செடியும் முடிந்தது, நிலக்ஷியும் முடிந்தாள்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு புறப்பட்டேன். மீனம்மா தடுக்கவில்லை. எனக்கு முன்னால் ஓடினாள்.

நான் மூச்சிரைக்க ஏறிப் போனபோது கண்ட காட்சி இது. கொழுந்துக்காரப் பெண்கள் பத்துச் செடியையும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கூடைகள் ஒரு பக்கம் வரிசையாக. உரம் வீசும் ஆண்கள் மூட்டையோடு கானுக்கு அப்பால். வீரபத்திரன் கங்காணி எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கானுக்குள்ளேயே நின்றார். நடுவில் புதிய கண்டாக்கு ஜீவராஜ், இளம் வயது, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நின்றார். பாவம், கணுக்காலில் ஓர் அட்டை.

"இங்கன என்னா கோயில்?" என்று அவர் கேட்டார். "யாரு வச்சது?"

எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள்.

"கோயில் இல்லைங்க," என்றேன். "பரிசோதனை..."

"ரெண்டுந்தான்," என்றாள் வீரம்மா.

ஜீவராஜ் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இங்க பாருங்க ஐயா. சாமி நிக்கிற எடம்னா விட்ருவேன், நான் ஒன்னும் பாவம் தேடிக்க வரல. பரிசோதனைன்னா என்கிட்ட யாரும் சொல்லல. தோட்டத்துத் துரையக் கேக்கணும். துரை கொழும்புல. திரும்பி வர்றதுக்குள்ள மழை புடிச்சுக்கும், அதனால இன்னைக்கே போட்டு முடிக்கணும். ஒரே வார்த்தையில சொல்லுங்க. இது என்னா?"

மீனம்மா என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே மலையைப் பார்த்தாள். வீரம்மா பார்த்தாள். ஏப்ரலில் கனவு வரவில்லை என்று அவளிடந்தான் ஒப்புக்கொண்டேன்.

"சாமி," என்றேன்.

குரல் வந்ததே எனக்கு ஆச்சரியம். இன்னும் ஆச்சரியம், நிற்கவில்லை, தொடர்ந்து பேசினேன். "ரொம்பச் சுத்தமான சாமி. சுத்தி ஒரு ஆள் நீளத்துக்கு ஒரம் விழக்கூடாது. மேல் பக்கத்துல ரெண்டு ஆள் நீளம். கோவம் வந்துரும்."

"யாருக்கு? சாமிக்கா?"

"எனக்கும்," என்றேன்.

ஜீவராஜ் ஆட்களைப் பார்த்து, "அந்த மூலைய விட்டுட்டுப் போடுங்கப்பா" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தி, "புதுசா வேலைக்கு வந்திருக்கேன் ஐயா. ஒரு பாலு கீலு ஊத்திக் கும்பிட்டுப் போகலாமா?" என்றார்.

"பாரச்சாமிக்குப் பால் ஆகாது!" என்று இருபது பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

சூடம் கொளுத்திவிட்டுப் போனார்.

ஜூலை 9

காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்றுச் சொன்னது பொய்யா? பொய்தான். மனம் உறுத்தும் என்று எதிர்பார்த்துக் காலையிலிருந்து காத்திருக்கிறேன். இன்னும் உறுத்தவில்லை. மாலைவரை பார்ப்போம்.

மாலை: இல்லை.

வேறொன்று உறுத்துகிறது. ஆட்கள் வீசியபோது காற்றில் கொஞ்சம் பறந்து விழுந்திருந்தால்? கண்ணுக்குத் தெரியாது. கருவிக்குத்தான் தெரியும்.

ஜூலை 29

கடைசி மாதிரி எடுக்கும் நாள். நிலக்ஷி ஐஸ் பெட்டியோடு வந்தாள். சப்பாத்தில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு முதல் அடி வைக்குமுன் மேலிருந்து ஒரு சத்தம்: "ஏய் புள்ள! கழட்டிட்டுப் போ!"

கழற்றினாள்.

ஓகஸ்ட் 21

மாதிரிகளெல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விட்டன. திணிவு நிறமாலைமானி என்ற கருவியில் அளப்பார்களாம். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் இன்று இரண்டு முறை மலைக்குப் போய் வந்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

முந்தாநாள் நிலக்ஷி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வணக்கம் சொல்ல மறந்து, "யூரியா?" என்றேன்.

"இல்லை சேர். துளிகூட இல்லை. நாலு செடியும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப் போகுது. பேராசிரியர் நம்ப மாட்டேங்குறாரு, வேலி போட்டீங்களான்னு கேட்டாரு."

"என்ன சொன்னாய்?"

"போட்டிருந்தோம்னு சொன்னேன்."

பால் குடித்த செடியில், நுண்ணங்கிகள் பிடித்து வைத்திருந்த பங்கு மற்றவற்றைவிட அதிகமாம். ஒரு செடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டும் என்றாள். மற்ற நாலிலும் போட்ட நைதரசனில் மூன்றில் ஒரு பங்கு செடியிலும் இல்லை, மண்ணிலும் இல்லை, நுண்ணங்கிகளிலும் இல்லை. கொஞ்சம் காற்றோடு போயிருக்கலாம். மிச்சம் மழையோடு.

இன்று தேத்தண்ணீர் நேரத்தில் பதினொன்றாம் மலைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகவே போய் எல்லாருக்கும் முன்னால் நின்று, சமதானி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, ஒன்றுவிடாமல் சொன்னேன். மனப்பாடம் செய்யவில்லை. வீரம்மா நடுவில் தூங்கினாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

"மூணுல ஒரு பங்கு ஆத்துக்கா?" என்றாள்.

"ஏறக்குறைய."

வீரபத்திரன் கங்காணி எழுந்துவிட்டார். "நாங்க முதுகுல சுமந்துகிட்டு ஏறி, மழைக்கு முந்திப் போடு போடுன்னு ஓடி ஓடிப் போட்டதுல மூணுல ஒன்னா?"

"மழைக்கு முந்திப் போடுறதாலதான் போகுதோ என்னவோ," என்றேன். "அது இன்னும் சரியாத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் போட்டுப் பாக்கணும்."

"அப்ப அதத் துரைகிட்ட யாரு சொல்றது?"

எல்லாரும் யாரைப் பார்த்தார்கள் என்று எழுத வேண்டியதில்லை.

"பூசாரிதான் சொல்லணும்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு. "மாஸ்டரு பேசமாட்டாரு, பயந்துக்குவாரு" என்று இன்னொரு குரல். "கண்டாக்கையே செருப்பக் கழட்ட வச்ச ஆளுடி அவரு" என்று வீரம்மா. கழற்ற வைத்தது நானல்ல, அவள்தான். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை துரையைப் பார்க்கப் போகிறோம். வீரம்மா, கங்காணி, நான். மீனம்மா என் நல்ல சட்டையை மடித்து வைத்திருக்கிறாள். சேலையைப் பற்றி இன்றுதான் சொன்னேன், எப்போதோ தெரியுமாம்.

மார்ச் மாதம் எழுதிய குறிப்புகளை மறுபடி வாசித்தேன். 'எதையும் விளக்கப் போவதில்லை' என்ற நாலாவது பிழை. 'என்னால்தான் கெடும்' என்ற ஐந்தாவதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.